வழக்கத்துக்கு மாறான போல்ட் தலைகளுக்கான பிட் செட்: ஒரு மதிப்பீடு

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பட்டை ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ ஆகிய மூன்றும் கையில் இருந்தும் கழற்ற முடியாத போல்ட்டை எதிர்கொண்டவர்கள் கடைசியில் வாங்குவது, ‘செக்யூரிட்டி பிட் செட்’ என்று விற்கப்படும் நூறு துண்டுப் பெட்டியைத்தான். பல நிறுவனங்கள் விற்றாலும் உள்ளே இருப்பவை ஏறக்குறைய ஒன்றே: 6.35 மில்லிமீட்டர் அறுகோணக் கால் கொண்ட, 25 மில்லிமீட்டர் நீளமுள்ள பிட்கள், அதாவது கைப்பிடியில் மாற்றி மாற்றிச் செருகும் ஸ்க்ரூடிரைவர் முனைகள். அவற்றைப் பொருத்த ஒரு காந்தப் பிடி. நான் பயன்படுத்திவரும் செட்டும் இந்த வகையைச் சேர்ந்ததே. நூறு என்ற எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி ஒரே வடிவத்தின் வெவ்வேறு அளவுகள்.

செட்டின் உண்மையான பயன் நடுவில் துளையிட்ட டார்க்ஸ் பிட்களில் இருக்கிறது. 1967இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் உருவாக்கிய ஆறு இதழ் டார்க்ஸ் தலையில் பள்ளத்தின் பக்கங்கள் செங்குத்தாக இறங்குவதால், சரிவான பக்கங்களைக் கொண்ட பிலிப்ஸ் (ஸ்டார்) தலையில் நடப்பதைப் போல முறுக்கும் விசையே பிட்டை மேலே தள்ளிவிடுவதில்லை. அதே பள்ளத்தின் நடுவில் ஒரு சிறு முளையை நிறுத்திவிட்டால் சாதாரணப் பிட் உள்ளே இறங்காது; மைக்ரோவேவ் அடுப்பின் மேலுறையிலும் பல மின்கருவிகளின் உறைகளிலும் இந்த முளை வைத்த தலைதான் இருக்கும். டி20க்கு மேற்பட்ட அளவுகள் இந்த வேலையைக் குறையின்றிச் செய்கின்றன. டி10க்குக் கீழே இறங்கினால், துளையைச் சுற்றி மிஞ்சும் இரும்பு மிக மெல்லியது; சற்று அழுத்தித் திருகியதும் இதழ்களின் நுனி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்வதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். முளையில்லாத டார்க்ஸ் தலைக்கும் துளைப் பிட் பொருந்தும் என்பதற்காக அதையே எல்லாவற்றுக்கும் எடுப்பது அதன் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டு துளைத் தலைக்கான ஸ்பேனர் பிட், நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளில் காணப்படும் மூன்று சிறகு வடிவத்துக்கான ட்ரை-விங் பிட் ஆகியவை அளவு சரியாக இருக்கும்வரை சிக்கலின்றி வேலை செய்கின்றன. பொதுக் கழிப்பறைத் தடுப்புகளில் காணப்படும் ஒருவழித் திருகுக்கென்று ஒரு பிட் தந்திருக்கிறார்கள். அது முடுக்க மட்டுமே உதவும், கழற்ற உதவாது. அதை ஏன் தந்தார்கள் என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். 2010இல் வந்த ஐபோன் 4 முதல் ஆப்பிள் பயன்படுத்தும் ஐந்து இதழ்த் திருகு 0.8 மில்லிமீட்டர் அளவே என்பதால், இந்தத் தடித்த கால் பிட்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கைபேசி வேலைக்கு 4 மில்லிமீட்டர் கால் கொண்ட நுண்பிட் செட் தனியாக வேண்டும்.

செட்டின் பெரிய குறை எக்ஸ்இசட்என் என்ற பன்னிரு முனைப் பிட்களில்தான் தெரிகிறது. மூன்று சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்தாற்போன்ற இந்தப் பள்ளம், வோக்ஸ்வாகன், ஆடி கார்களின் சக்கர அச்சு இணைப்புகளிலும் சிலிண்டர் ஹெட் போல்ட்களிலும் வரும். பார்வைக்கு டார்க்ஸ் போலவே இருப்பதால், கைக்கு அகப்பட்ட டார்க்ஸ் பிட்டைச் செருகித் திருகி, முனைகளை வழித்துவிட்டுத் தலையை உருட்டிவிடுபவர்கள் அதிகம். அச்சுப் போல்ட்டின் பள்ளத்தில் கிரீசும் மண்ணும் கெட்டித்துக் கிடக்கும். அதைக் கூர்முனைக் கம்பியால் சுரண்டி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருக வேண்டும். அந்த முறுக்கைத் தாங்க அரை அங்குல ராட்செட் கைப்பிடியில் மாட்டும் நீளமான சாக்கெட் பிட் தேவை. செட்டில் உள்ள குட்டைப் பிட்டால் தலை இருக்கும் குழிக்குள் எட்டக்கூட முடியாது.

இதற்கு மாறாக, 1908இல் கனடாவின் பி. எல். ராபர்ட்சன் உருவாக்கிய சதுரத் தலைக்கான பிட்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. காந்தத்தின் உதவியே இல்லாமல், கிடைமட்டமாகப் பிடித்தாலும் திருகு பிட்டின் நுனியிலேயே நிற்கிறது. ஆனால் ஜிஸ் எனப்படும் ஜப்பானியக் குறுக்குத் தலைக்கு ஒரு பிட் கூட இல்லாததை மன்னிக்க முடியவில்லை. பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் மூடிகளில், தலையில் ஒரு சிறு புள்ளியுடன் இருக்கும் திருகுகள் பெரும்பாலும் இவைதான். பிலிப்ஸ் பிட் அவற்றில் முழுதாக இறங்காமல் ஏறி வழுக்கும். பலர் திருகு துருப்பிடித்துவிட்டதாக எண்ணிச் சாவகாசமாக எண்ணெய் ஊற்றிக் காத்திருப்பார்கள்.

வாங்குவதாக இருந்தால், பிட்டின் காலில் எஸ்2 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அதிர்வைத் தாங்கும் அந்த எஃகுக்கும் வெறும் குரோம் வனேடியம் எஃகுக்கும் உள்ள வேறுபாடு சிறிய அளவுகளில்தான் வெளிப்படும். வீட்டு மின்கருவிகளைத் திறப்பவருக்கு இந்தப் பெட்டி போதும். கார் வேலைக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். எக்ஸ்இசட்என் எட்டு, பத்து அளவுகளை நீளமான சாக்கெட் வகையிலும், இரண்டாம் எண் ஜிஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்றையும் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது.