குன்னூரில் கைக்குழந்தைக்கு ஒரு பவுன்சர் தேடிய அனுபவம்

விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லின் அடியில் அச்சிட்டிருந்த வரியை விரலால் சுட்டிக்காட்டி, பெட்டியின் டேப்கூடப் பிரிக்காத ஒரு வாக்கரை மாற்றித் தர மறுத்த ஊட்டிக் கடையைப் பற்றித்தான் இந்த முறை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. கைக்குழந்தையோடு விமானத்தில் வந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறியது, உறவினர் வீடுகளுக்குப் போய்வந்தது எல்லாம் நல்லபடியாகவே நடந்தன. ஊருக்குக் குழந்தையோடு வர நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். கழுத்து நின்றுவிட்டது, குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள், உட்காரத் தொடங்கவில்லை. நாங்கள் டொரொன்டோவிலிருந்து குன்னூர் வந்து சேர்வதற்கு முன்பே என் தாய்மாமா அவளுக்காக வாக்கர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம், முன்னால் பாட்டுப் பாடும் பொத்தான்கள், அடியில் சக்கரங்கள் என்று, குழந்தை இருக்கும் வீடுகளில் நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அதே பொருள்தான். எனக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர் அவர். அவர் ஆசையாக வாங்கியதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

காரணம், எங்கள் வீடு. மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதே ஏற்ற இறக்கம்தான். எங்கள் வீட்டில் சமையலறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும், பின்கட்டுக்கு இன்னும் மூன்று, வாசலைத் தாண்டினால் கீழ்ச் சாலை வரைக்கும் கல்படிகள். வாக்கரில் உட்கார்ந்த குழந்தை ஒரே வினாடியில் மூன்றடிக்கு மேல் நகர்ந்துவிடும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். பக்கத்திலேயே பெரியவர் இருந்தாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட சுமார் 2,30,000 குழந்தைகள் வாக்கரால் காயம்பட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டதாக 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் படிக்கட்டில் உருண்டு விழுந்தவர்கள். கனடாவில் 2004-ஆம் ஆண்டிலேயே வாக்கரின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்துவிட்டார்கள். பழைய வாக்கரை வீட்டு வாசலில் வைத்து விற்பதுகூட அங்கே சட்டவிரோதம். இதையெல்லாம் சொன்னதும் மாமா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி கண்ணு, பில்லு இருக்கு, மாத்திக்கலாம்” என்றார்.

மறுநாள் இருவரும் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் பேருந்தில் போனோம். கிறிஸ்துமஸ் வாரம் என்பதால் வழியில் உள்ள எல்லநள்ளியிலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. கடையில் நாங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வாக்கரை எடுத்துக்கொண்டு, மேல் தட்டில் இருந்த பவுன்சர்களில், அதாவது குழந்தையைச் சாய்த்து உட்கார வைக்கும் சக்கரமில்லாத இருக்கைகளில், ஒன்றைத் தரும்படியும், விலை கூடுதலானால் மிச்சத்தைக் கட்டிவிடுவதாகவும்தான் சொன்னோம். கல்லாவில் இருந்தவர் பில்லைப் பார்த்தார், அடியிலிருந்த வரியைக் காட்டினார், அவ்வளவுதான். சரி, புதிதாகவே ஒரு பவுன்சர் வாங்கிக்கொள்கிறோம், பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள் என்றேன். “பிரிச்சுட்டா விக்காது மேடம், படத்தைப் பார்த்து எடுத்துக்கங்க” என்றார் விற்பனைப் பையன். அந்தப் படத்தில் ஒரு குழந்தை பவுன்சரிலேயே கண்ணை மூடி உறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை கிலோ வரை தாங்கும், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம் என்ற விவரம் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. வாக்கரில் போட்டால் குழந்தை சீக்கிரம் நடக்கும் என்று கல்லாவில் இருந்தவர் சொன்னபோது, அது உண்மையில்லை, நடப்பது தாமதமாகவும் கூடும் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். “இவ்வளவு வருஷமா இதைத்தான் விக்கிறோம், யாரும் ஒண்ணும் சொன்னதில்லை” என்று பதில் வந்தது. எனக்கு ஆற்றாமையாக இருந்தது அந்தப் பதிலால்கூட இல்லை. பல வருடங்களாக அந்தக் கடைக்கு வாடிக்கையாளரான மாமாவை, எழுபது வயதுக்காரரை, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் பெட்டியோடு நிற்க வைத்திருந்தார்கள். என் சிறுவயதில் இதே மலையில், கல்யாண வீட்டுக்குப் பட்டுச் சேலைகளை மூட்டையாகக் கொடுத்தனுப்பி, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புங்கள் என்று சொன்ன கடைக்காரர்கள் இருந்தார்கள். டொரொன்டோவில் இன்று பெரும்பாலான பெரிய கடைகளில் பில்லைக் காட்டினால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருகிறார்கள். நம் ஊரில் நம்பிக்கையால் நடந்துகொண்டிருந்த ஒன்று அங்கே நடைமுறையாகிவிட்டது, இங்கே இல்லாமலே போய்விட்டது என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை. எங்கள் வாக்கரில் அந்த வகைக் குறை எதுவும் இல்லை என்பதால் அந்தப் பிரிவை நாங்கள் கையில் எடுக்க முடியவில்லை. வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். இந்தச் சரிவில் படி இல்லாத வீடு எது? மாமாவே ஸ்குரூடிரைவரை எடுத்துச் சக்கரங்களைக் கழற்றி, மிச்சத்தைப் பழைய பொருள் வாங்குபவரிடம் உடைத்துப் போட்டுவிட்டார்.

ஆக, குழந்தைக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி அப்படியே நின்றது. டிசம்பர் மாதத்தில் எங்கள் வீட்டுச் சிமென்ட் தரை ஜமுக்காளத்தின் மேலும் சில்லிடும். டொரொன்டோவில் வெளியே பனி கொட்டினாலும் ஹீட்டர் ஓடும் அறையில் அவளைத் தரையிலேயே விட்டுவிடுவேன். இங்கே இரண்டு ஜமுக்காளமும் ஒரு கம்பளியும் விரித்து, வெயில் விழும் ஜன்னலோரத்தில்தான் குப்புறப் போட முடிந்தது. குளிக்கவும் சமைக்கவும் போகிற நேரத்தில் அவளைக் கண்ணெதிரே உட்கார்த்தி வைக்க ஓர் இடம் வேண்டும். அம்மா உத்திரத்து வளையத்தில் பழைய நூல் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தார். அதில் ஆட்டும்போது அவள் அடையும் சுகத்தைப் பார்க்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் கண்ணயர்ந்ததும் எடுத்து, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பது என்று அம்மாவோடு பேசி முடிவு செய்துகொண்டேன்.

வாக்கருக்குப் பதிலாக வாங்கக்கூடிய பவுன்சருக்கும் ஆக்டிவிட்டி சென்டருக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெளிவாக இல்லை. பவுன்சர் சாய்ந்த இருக்கை. குழந்தை தானாக உட்கார முயலும்வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரைக்கும்தான் அதற்கு வேலை, பெரும்பாலானவற்றின் எடை வரம்பும் 9 கிலோதான். ஆக்டிவிட்டி சென்டரில் குழந்தை நிமிர்ந்து இருக்கும், இருக்கை சுழலும், சுற்றிலும் பொம்மைகள் இருக்கும், சக்கரம் இருக்காது. கழுத்து உறுதியாக நின்ற பிறகு தொடங்கி, நடக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். அதில் பார்க்க வேண்டியது உயரத்தை. பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். நுனிவிரலில் நின்று எம்புவதாக இருந்தால் உயரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டில் எதிலும் ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது என்று குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டுகள் சொல்கிறார்கள்; முதுகும் கழுத்தும் பலப்படுவது தரையில் புரள்வதால்தான்.

ஊட்டியில் கிடைக்காத மரியாதை குன்னூரிலேயே, கீழ் பஜாரில் ஒரு சின்னக் கடையில் கிடைத்தது. கடையை நடத்தும் அக்கா முதலில் கேட்டது, “பாப்பாவுக்குக் கழுத்து நின்னுடுச்சா, உட்காருதா?” என்பதுதான். பிறகு இரண்டு பெட்டிகளைத் தாமாகவே பிரித்துத் தரையில் வைத்தார். ஒன்றின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தியபோது முன்கால் மேலே தூக்கியது. அதை வேண்டாம் என்று அவரே ஒதுக்கிவிட்டார். மற்றதன் கால்கள் அகலமாக விரிந்திருந்தன, அடியில் ரப்பர் பட்டை இருந்ததால் மொசைக் தரையில் வழுக்கவில்லை, இடுப்பையும் கால் இடுக்கையும் சேர்த்துக் கட்டும் பெல்ட் இருந்தது, துணியைக் கழற்றித் துவைக்கலாம். மேலே பொம்மை தொங்கும் கம்பியை அசைத்துப் பார்த்துவிட்டு, “இதைப் பிடிச்சுத் தூக்காதீங்க, கழண்டு வந்துரும்” என்று எச்சரித்தார். குழந்தையை உட்கார வைத்துப் பெல்ட்டை அவளுடைய ஸ்வெட்டரின் பருமனுக்கு ஏற்றபடி இழுத்துச் சரிசெய்து காட்டினார். ஒரு மாதத்துக்குத்தான் வேலை, அதிக விலையில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். வியாபாரம் செய்பவர் வாயிலிருந்து இப்படியொரு சொல்லை டொரொன்டோவின் எந்தப் பெரிய கடையிலும் நான் கேட்டதில்லை.

அந்த ஒரு மாதமும் பவுன்சர் எங்களுக்கு நன்றாக உழைத்தது. எப்போதும் தரையில்தான் வைத்தோம். கட்டிலிலோ மேசையிலோ வைத்தால் குழந்தை உதைக்கும் வேகத்தில் நகர்ந்து விழும். உறங்கிவிட்டால் உடனே எடுத்துவிட்டோம். சாய்ந்த நிலையில் தலை மார்பை நோக்கிக் கவிழ்ந்து மூச்சு தடைபடலாம் என்பதால்தான், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-இல் சட்டமே போட்டுத் தடை செய்தது. உறங்கும் குழந்தையின் படத்தைப் பெட்டியில் போட்டு பவுன்சர் விற்பவர்கள் இதை அறிய வேண்டும். ஆக்டிவிட்டி சென்டரை ஊரில் வாங்கவில்லை. அவள் பாதம் தரையில் படும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

கிளம்புவதற்கு முன் பவுன்சரைத் துவைத்துக் காயவைத்து, பக்கத்து வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கும் தங்கையிடம் கொடுத்தேன். கூட வந்த விளக்கத்தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், எடை வரம்பையும், பெல்ட் போடும் முறையையும், உறங்கினால் எடுத்துவிட வேண்டும் என்பதையும், உட்காரத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, இருக்கையின் பின்பக்கத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.