'நீ' என்று தொடங்கி 'அவள்' என்று மாறும் புத்தகம்: இசபெல் அயெந்தேயின் 'பவுலா'

இந்தப் புத்தகத்தின் முதல் பாதியைப் பதினோரு நாளில் படித்தேன். இரண்டாம் பாதிக்கு இரண்டரை வருடம் பிடித்தது. புதிதாக வந்த புத்தகமும் இல்லை இது. 1994-இல் ஸ்பானிஷ் மொழியில் வெளிவந்தது. அடுத்த வருடமே மார்கரெட் சேயர்ஸ் பெடன் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது. இருந்தாலும் இப்போது எழுதுகிறேன். யாராவது இந்த நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, போனையும் பார்க்கப் பிடிக்காமல் இருக்கலாம். அவர்களுக்காகத்தான்.

அயெந்தே சிலி நாட்டு நாவலாசிரியர். 1991 டிசம்பரில் தன் புது நாவல் வெளியீட்டுக்காக ஸ்பெயினுக்கு வந்திருந்தபோது, மாட்ரிடில் வாழ்ந்த மகள் பவுலா நோயில் விழுந்தாள். 28 வயது. வந்தது போர்ஃபிரியா. ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீம் உருவாகும் பாதையில் ஒரு நொதி குறைவதால் வரும் பரம்பரை நோய். முற்றினால் நரம்பைத் தாக்கும். பவுலா கோமாவுக்குப் போனாள். திரும்பவில்லை. 1992 டிசம்பர் 6 அன்று கலிபோர்னியாவில் அம்மாவின் வீட்டில் இறந்தாள். முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதே என்று யோசிக்க வேண்டாம். தெரிந்தே படிக்க வேண்டிய புத்தகம் இது.

இதை எழுத வைத்தது ஒரு சிநேகிதி. அயெந்தேயின் இலக்கிய முகவர் கார்மென் பால்செல்ஸ் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஆறுதல் வார்த்தையை விட முக்கியமான ஒன்றைக் கொண்டுவருகிறார்: ஒரு கட்டு மஞ்சள் கோடு போட்ட தாள். எழுது, எழுதாவிட்டால் இந்தத் துக்கத்திலேயே செத்துப்போவாய் என்கிற பொருளில் சொல்லி அதை மடியில் வைக்கிறார். அந்தத் தாளில்தான் தாய் எழுதத் தொடங்குகிறார், மகளுக்கு. கண் விழிக்கும்போது தான் யார், எங்கே இருக்கிறோம் என்று அவள் திகைத்துவிடக் கூடாது, அதனால் நம் குடும்பத்தின் கதையைச் சொல்லிவைக்கிறேன் என்று.

நான் இந்தப் பக்கங்களைப் படித்தது ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில். உள்ளே என் தோழி. காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், ஒரு ஆள் மட்டும். அவள் அம்மாவும் நானும் முறை வைத்துப் போவோம். போர்வைக்கு வெளியே அவள் இடது கால் மட்டும் தெரியும். கட்டை விரல் நகத்தில் பாதி உரிந்த மெரூன் நிறப் பாலிஷ். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன பேசுவது என்று தெரியாது. "பேசுங்க மேடம், காது கேட்கும்" என்று நர்ஸ் சொன்னார். எனக்கு வாயே வரவில்லை. நான்காம் நாள், வெளியே இந்தப் புத்தகத்தில் தாத்தா பாட்டி கதையைப் படித்துவிட்டு உள்ளே போனபோதுதான், காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக நாங்கள் போட்ட சண்டையை அவளிடம் முழுசாகச் சொன்னேன். அப்போதிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கதை. கேட்டாளா என்பது வேறு விஷயம். எனக்குச் சொல்வதற்கு இருந்தது.

அதனால்தான் இதை முதலில் உபயோகமான புத்தகம் என்று சொல்லத் தோன்றுகிறது. இலக்கிய மதிப்பு அதற்குப் பிறகுதான்.

அந்த மதிப்பும் குறைவில்லை. இந்தப் பெண் நாவல் எழுத வந்ததே ஒரு சாவுப் படுக்கையின் வழியாகத்தான். 1981 ஜனவரி 8. ராணுவம் 1973-இல் சிலியின் ஆட்சியைப் பிடித்து, அவருடைய அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரரான அதிபர் சால்வதோர் அயெந்தே உயிரிழந்த பின்னால், குடும்பத்தோடு வெனிசுவேலாவில் தஞ்சம் புகுந்திருந்தார். சிலியில் கிட்டத்தட்ட நூறு வயதுத் தாத்தா சாகக் கிடக்கிறார் என்று போன் வருகிறது. போய்ப் பார்க்க முடியாது. அதனால் கடிதம் எழுத உட்கார்கிறார். நீங்கள் சொன்ன கதை எதையும் நான் மறக்கவில்லை என்று சொல்வதற்காக எழுதிய அந்தக் கடிதம் நீண்டுகொண்டே போய், 1982-இல் 'தி ஹவுஸ் ஆஃப் தி ஸ்பிரிட்ஸ்' நாவலாக வந்தது. அந்தத் தாத்தாவின் முரட்டுக் கோபம் நாவலில் எஸ்தெபான் த்ருவேபாவிடம் இருக்கிறது. ஆவிகளோடு பேசிய பாட்டி அங்கே கிளாராவாக உலவுகிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தகத்தையும் ஜனவரி 8-இல்தான் தொடங்குவார்.

பத்து வருடம் கழித்து அதே காரியத்தை மகளுக்குச் செய்கிறார். அப்போது தாத்தாவுக்கு, இப்போது பவுலாவுக்கு; இரண்டும் கேட்க முடியாதவருக்குச் சொன்ன கதைகள். நாவலை முதலில் படித்திருந்தால் 'பவுலா' இன்னும் இறங்கும். நான் தலைகீழாகப் படித்தேன். நாவலில் கிளாராவின் மேசை நகரும்போது அந்த மாட்ரிட் ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான் எனக்குக் கண்முன் வந்தது.

இரண்டு பகுதி. முதலாவது 1991 டிசம்பரிலிருந்து 1992 மே வரை. அதில் பவுலா 'நீ'. இரண்டாவது மே முதல் டிசம்பர் வரை. அதன் முதல் வரிகளிலேயே, அவள் விழிக்கப் போவதில்லை என்று தாய் ஒப்புக்கொள்கிறார், பவுலா 'அவள்' ஆகிறாள். இலக்கணத்தில் முன்னிலை படர்க்கையாவது ஒரு சின்ன மாற்றம். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் நான் அந்த இடத்தில்தான் இருந்தேன், அவளுடைய படுக்கை எண்ணைச் சொல்லி வாட்ச்மேன் கூப்பிட்டார். பார்வையாளர் அட்டையை அங்கே செருகிவிட்டு எழுந்தேன். இரண்டரை வருடம் அந்த அட்டை அங்கேயே இருந்தது.

குறையும் சொல்ல வேண்டும். நடுவில் அயெந்தே தன் காதல்களை, பத்திரிகை வேலையை, விவாகரத்தை நீட்டி முழக்குகிறார். அத்தனையும் மகளின் படுக்கைப் பக்கத்திலிருந்து சொல்லப்படுவதால், எத்தனை நேரம் உங்களைப் பற்றியே சொல்வீர்கள், குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்கத் தோன்றிய இடங்கள் உண்டு. சிலியின் கவிஞர் பாப்லோ நெரூதா அவரிடம், நீ மோசமான பத்திரிகையாளர், எல்லாவற்றிலும் உன்னையே நடுவில் வைக்கிறாய், நாவல் எழுதப் போ என்று சொன்ன சம்பவமும் வருகிறது. நெரூதா சொன்னது சரிதான், இந்தப் புத்தகத்துக்கும் சேர்த்து. உறவுக்காரர்கள் அதிகம்; நான் கடைசி வெற்றுத் தாளில் பென்சிலால் வம்சாவளி வரைந்துகொண்டுதான் படித்தேன். என் பிரதியில் எழுத்தும் பொடிசு. ஆஸ்பத்திரி டியூப்லைட்டில் கண் வலிக்கும்.

இரண்டாம் பகுதியில் அந்த நீட்டல் குறைந்துவிடுகிறது. மகளை விமானத்தில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, குழாய் வழியே உணவு கொடுத்து, இரவில் பக்கத்தில் படுத்துக்கொள்கிற பக்கங்கள். பெண்கள் கூடிச் செய்கிற பராமரிப்பை இவ்வளவு நேராக நான் வேறெங்கும் படித்ததில்லை. யாரும் அங்கே வீரம் பேசுவதில்லை. துணி மாற்றுகிறார்கள்.

பவுலா போன பிறகு அயெந்தேயால் சில வருடம் புனைகதை எழுத முடியவில்லை. சாப்பாடும் காமமும் பற்றிய 'அஃப்ரோதித்தே' 1997-இல் வந்துதான் கை திரும்பியது, நாவல் 1999-இல். 2007-இல் வந்த 'தி சம் ஆஃப் அவர் டேஸ்' மறுபடி பவுலாவிடமே பேசுகிறது. அதில் அவரைத் தாங்கிப்பிடித்த தோழிகள் கூட்டம் வருகிறது, கூடிப் பிரார்த்தித்து, அழுது, சிரிக்கிறவர்கள். 'பவுலா' உங்களை உலுக்கினால் அடுத்து அதைப் படியுங்கள். 'பவுலா'வின் வருமானத்தைக் கொண்டு 1996-இல் மகளின் நினைவாகப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் உதவ ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார்.

யார் படிக்கலாம்? நோயாளி பக்கத்தில் இருப்பவர்கள் முதல் பகுதியைத் தைரியமாகப் படிக்கலாம். இரண்டாம் பகுதிக்கு யாராவது கூட இருக்கட்டும்.

எனக்குக் கூட இருந்தது தோழியின் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போவேன். அவருக்கு ஆங்கிலம் வராது. அதனால் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்கிறேன். முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பார். கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்த இடத்தில் கை நின்றது. "அந்தப் பிள்ள கண்ணத் தொறந்துச்சாம்மா?" என்றார். தொறந்துச்சும்மா, ஆனா பாக்கல என்றேன். கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவங்கம்மா கூடவே இருந்தா இல்ல, சரி. மேல சொல்லு" என்றார்.

அடுத்து வருவது பவுலாவின் கடிதம். தேனிலவின்போதே எழுதி, நான் இறந்த பின் திறக்கவும் என்று ஒட்டிவைத்தது. அழாதீர்கள், எரித்துச் சாம்பலை வெளியில் தூவிவிடுங்கள், கல்லில் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பாள். இரண்டு ஞாயிறாக வேறு கதை பேசிவிட்டு வந்துவிட்டேன்.