அன்னப்பிராசன செட்: அந்தத் தேன் பாட்டிலை மட்டும் திறக்காதீர்கள்

பாப்பாவுக்கு முதல் சோறு ஊட்டுவதற்காக ஆன்லைனில் ஒரு செட் வாங்கினோம், 1,450 ரூபாய். வெள்ளி முலாம் பூசிய கிண்ணம், கரண்டி, குட்டிப் பட்டுப்பாவாடை, பச்சரிசி, பாசிப்பருப்பு, முழு முந்திரி, ஒரு சின்னத் தேன் பாட்டில், செய்முறை அட்டை. போட்டோவுக்கு அம்சமாக இருக்கும், அதில் குறையில்லை.

ஆனால் அட்டையில் 'முதலில் நாக்கில் தேன் தடவவும்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் துளிகூடக் கூடாதுங்க. அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, பால் குடிக்கக்கூட முடியாதபடி உடம்பைத் தளர்த்திவிடும், வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கஸ்டமர் கேரில் கேட்டால் "சுத்தமான மலைத்தேன் மேடம்" என்கிறார்கள்! முழு முந்திரியும் அப்படித்தான், தொண்டையில் அடைத்தால் யார் பொறுப்பு?

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்பதால் மாமியார் 5 என்றார், அட்டையும் அதையே சொன்னது. 7-ம் ஒற்றைப்படைதானே அத்தை என்று தள்ளிவைத்தோம். 6 மாதம் முடிந்ததும்தான் இணை உணவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது உடம்பில் இருந்த இரும்புச்சத்து அதற்குள் குறைந்துவிடும், தாய்ப்பால் மட்டும் ஈடுகட்டாது, கழுத்தும் நன்றாக நின்றிருக்கும். சடங்கு சொல்லும் காலமும் டாக்டர் சொல்லும் காலமும் இவ்வளவு பொருந்தி வரும்போது ஏன் அவசரப்பட வேண்டும்?

சோறு நாங்களே குழைய வேகவைத்தோம், உப்பும் வெல்லமும் போடாமல், நெய் ஒரு சொட்டு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால் கரண்டி ஓரம் ஈறில் பட்டு சிணுங்கினாள், அப்புறம் தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து விரலாலேயே ஊட்டினான். சுற்றி நின்ற எல்லாரும் தங்களை அறியாமல் 'ஆ' என்று வாயைத் திறக்க, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அவளும் திறந்தாள். பார்த்துச் செய்வதற்கு இத்தனை வாய் ஒரே நேரத்தில் வேறு எங்கே கிடைக்கும், இந்தச் சடங்கில் எனக்குப் பிடித்ததே அதுதான். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வாய் ஊட்டக் கிளம்பியதை மட்டும் தடுத்துவிட்டேன், முதல் நாள் ரெண்டு மூணு வாய் போதும்.

இரண்டு ஸ்டார், அதுவும் பாவாடைக்காக. கிண்ணம் பாத்திரக்கடையிலேயே கிடைக்கும்.