வன்னியில் இருந்து பெண்கள் வரலாறு தேடுகிறவருக்கு நூலகம் இணையத்தளம் எப்படி?

கிளிநொச்சியில் இருந்துகொண்டு பெண்கள் வரலாறு படிக்க வேண்டுமென்றால் முதலில் பஸ் ஏற வேண்டும். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, பொறியியல் பீடம் இருக்கிறது, தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. கலைப்பீடம் இருப்பது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில். பெண்ணிய ஆய்வுகளை வெளியிட்ட நிறுவனங்களோ பெரும்பாலும் கொழும்பில். காலையில் பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவில் முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வு என்று ஓடுகிற என்னைப் போன்ற வரலாற்று ரீச்சருக்கு இந்தத் தூரம் சின்ன விஷயமில்லை. அதனால்தான் நூலகம் டொட் ஓர்க் (noolaham.org) பற்றி எழுத உட்கார்ந்தேன். எல்லோருக்கும் தெரிந்த தளம்தான். ஆனால் பெண்களைப் பற்றித் தேடுகிறவர் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய எண்ணிம நூலகம் இது. இலங்கைத் தமிழரின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள். காசு இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, கீழே உள்ளடக்கம். அந்த உள்ளடக்கப் பட்டியலை ஒருவர் இருந்து தட்டச்சு செய்திருக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். முழு நூலையும் தரவிறக்காமலே எந்தக் கட்டுரை எதில் இருக்கிறது என்று பார்க்க முடிவது அவர்கள் புண்ணியத்தில்தான்.

என் ஆய்வு, மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறிய பெண்களைப் பற்றியது. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனால் (எந்த நூலகம் என்று சொல்லவில்லை), "அப்படிப் புத்தகம் இல்லை, மிஸ், வேற தலைப்பு எடுங்கோ" என்று ஆலோசனை சொல்லி அனுப்பினார்கள்.

சரி, தளத்தில் என்ன இருக்கிறது? பெண்ணிய ஆய்வு என்று பார்த்தால் முதுகெலும்பான பல விஷயங்கள் இருக்கின்றன. செல்வி திருச்சந்திரனின் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட நிவேதினி இதழ்கள். மட்டக்களப்பு சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தின் 'பெண்' சஞ்சிகை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986 இல் கொண்டுவந்த சொல்லாத சேதிகள். பத்துப் பெண்களின் கவிதைகள், சித்திரலேகா மௌனகுருவின் முன்னுரையோடு. மெல்லிய புத்தகம்தான். அதில் எழுதிய சிவரமணி 1991 இல் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை விட்டார். அச்சில் வந்தவையும் நண்பர்கள் கையில் இருந்தவையும் தப்பின. ஆவணப்படுத்தல் என்றால் ஏதோ பெரிய இடத்து வேலை என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் சொல்வது.

இந்த ஆய்வுச் சமூகம் எப்படி உருவானது என்பதையும் இந்த இதழ்களை வரிசையாகப் படித்தால் ஓரளவு பிடிக்கலாம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெண்கள் வட்டமாகக் கூடிப் படிக்கிறார்கள், வாதாடுகிறார்கள். 1984 இல் அன்னையர் முன்னணி பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவுக்கு இறங்குகிறது. மருத்துவபீட விரிவுரையாளர் ரஜினி திராணகம பெண்களின் சாட்சியங்களை எழுதி வைக்கிறார். 1989 செப்டெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்படுகிறார். குமாரி ஜெயவர்த்தன 1986 இல் ஆங்கிலத்தில் எழுதிய மூன்றாம் உலகப் பெண்ணியம் பற்றிய நூல் உலகம் முழுக்கப் பாடநூலாகிறது. இவர்களில் யாரும் சும்மா மேசையில் இருந்து எழுதியவர்கள் இல்லை. இப்போது வருகிற சில ஆய்வுக் கட்டுரைகளின் தமிழைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். 'பால்நிலைசார் அதிகாரக் கட்டமைப்பு' என்று நாலு வரிக்கு ஒரு தடவை வரும், ஆனால் ஒரு பெண்ணின் சமையலறை எங்கே இருந்தது, தண்ணீர் எங்கே அள்ளினாள் என்பது கடைசிவரை வராது.

என் தலைப்புக்கு வருகிறேன். தோட்டப் பெண்களின் வரலாற்றுக்கு மீனாட்சியம்மாள் நடேசய்யரில் இருந்து தொடங்கலாம். கணவர் கோ. நடேசய்யரோடு சேர்ந்து தோட்டத் தொழிற்சங்கம் கட்டியவர், தொழிலாளர் கூட்டங்களில் தானே பாட்டுக் கட்டிப் பாடியவர். இன்னொரு பக்கம் வாக்குரிமைக் கதை. 1927 இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம், அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்கப் பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முன்னால் போய் நின்றபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டார்களாம். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று பதில் சொன்னவர் அக்னஸ் டி சில்வா. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டப் பெண்கள் பலருக்கும் கிடைத்த அந்த வாக்கு, 1948, 1949 சட்டங்களோடு குடியுரிமை போனபோது சேர்ந்தே போனது. என் மாணவி ஒருத்தியின் பூட்டியம்மா வாக்குப் போட்டிருக்கலாம், அம்மம்மா போட்டிருக்க முடியாது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

இதுவரை எல்லாம் அச்சில் வந்த பெரிய பெயர்கள். வன்னிப் பெண்களைத் தேடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வன்னியைப் பற்றி நிறைய இருக்கிறது: குளங்கள், குடியேற்றம், பண்டாரவன்னியன், யுத்தம். பெண்கள் வருகிற இடம் இரண்டுதான். ஒன்று போராளி, இல்லாவிட்டால் விதவை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாற்று நட்டவள், காணி உத்தரவுப்பத்திரத்தில் பெயர் வராதவள், மாதர் சங்கத்தில் சீட்டுப் பிடித்தவள் எங்கே? நூல் வகையில் 'பெண்கள்' என்று தேடினால் கிடைக்க மாட்டாள்.

கிடைக்கிற இடம் நினைவு மலர்கள். என்னைக் கேட்டால் இந்தத் தளத்தில் பெண்கள் வரலாற்றுக்கு மிகப் பெறுமதியான அலுமாரி அதுதான், பெண்ணிய இதழ்கள்கூட இரண்டாவதுதான். ஒருவர் இறந்து 31 ஆம் நாள் வீட்டில் கொடுக்கிற புத்தகத்தை, நாங்கள் கல்வெட்டு என்று சொல்வதை, பெரும்பாலானோர் சாமியறையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். இங்கே அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. முதலில் படம், திதி வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம். அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிற 'வாழ்க்கை வரலாறு' என்ற இரண்டு பக்கத்தில் எங்கே பிறந்தாள், எத்தனையாம் வகுப்பு வரை படித்தாள், எந்த வயதில் கலியாணம், எந்த ஆண்டு எந்தக் குடியேற்றத்துக்கு வந்தாள், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது எல்லாம் இருக்கும். அதற்கும் பின்னால் வம்ச வழி. கடைசியில் நன்றி நவிலலில் அயலவர் பெயர்கள்.

ஒரு மலரைக் கிட்டப் பார்ப்போம். பெயர் வேண்டாம். முரசுமோட்டைப் பக்கம் குடியேறிய குடும்பத்து அம்மா. மகன் எழுதிய வரலாறு வழக்கம்போல 'அன்பும் பண்பும் மிக்கவர், வந்தாரை வரவேற்பவர்' என்று போகிறது. நடுவில் ஒரு வரி: அப்பா வயல் காவலுக்குப் போனால் அம்மாதான் ஊரில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான், அடுத்த வரியில் மறுபடி விருந்தோம்பல். புதிதாகக் காடு வெட்டிய ஒரு குடியேற்றத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் மற்றவர்களின் கடிதங்களை எழுதுகிறாள் என்றால், அந்த ஊரின் கடன், சண்டை, கலியாணப் பேச்சு எல்லாம் அவள் கையால் போயிருக்கிறது. இந்த ஒரு வரியில் இருந்து என் ஆய்வின் ஓர் அத்தியாயம் வந்தது. இது எந்த ஆய்விதழிலும் இருந்திருக்காது.

மலர்களில் குறையும் உண்டு. புத்தகம் அடிக்கக் காசு இருந்த வீட்டுப் பெண்கள்தான் வருவார்கள். மலையகத்தில் இருந்து வந்து கூலிவேலை செய்த குடும்பங்களில் 31 க்குப் புத்தகம் அடித்தது அபூர்வம். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியதில் இருந்ததும் போனது. அவர்களுக்கு வாயால் கேட்டு எழுதுவதுதான் வழி. அதற்குப் போனால் வேறு கதை. தர்மபுரம் பக்கம் ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது: "நானும் எத்தின ஃபோர்ம் நிரப்பிட்டன், ரீச்சர். றெக்கோட் பண்ணிக்கொண்டு போறவை ஒருத்தரும் அந்தப் புத்தகத்தக் கொண்டுவந்து காட்டேல்ல. நீங்களாவது காட்டுவியளா?" வெளியில் இருந்து வருகிற ஆய்வாளர்களில் பலர், எல்லோரும் என்று சொல்ல மாட்டேன், ஆங்கிலத்தில் எழுதி, காசு கட்டித் திறக்கிற ஆய்விதழில் போடுகிறார்கள். பேட்டி கொடுத்தவரும் படிக்க முடியாது, பக்கத்து ஊர் ரீச்சரும் படிக்க முடியாது. அந்த அளவில், திறந்து கிடக்கிற இந்தத் தளம் எவ்வளவோ மேல்.

இனித் தேடுகிற விதம். பெண்களைத் தேடும்போது பெரிய தலையிடி முதலெழுத்து. 1960களின் பாடசாலை மலரில் செல்வி, தகப்பனின் முதலெழுத்தோடு. கலியாணத்துக்குப் பிறகு திருமதி, கணவனின் முதலெழுத்தோடு. அதே ரீச்சர், அதே பாடசாலை, இரண்டு ஆளாகிவிடுவார். பாடசாலை வரலாற்றை எழுதினவரே இரண்டு பேர் என்று எண்ணியிருப்பார். அதனால் ஆளின் பெயரை மட்டும் போட்டுத் தேடி, ஊரையும் ஆண்டையும் வைத்துப் பொருத்த வேண்டும். பெரிய இடத்திலும் இதுதான் கதை. 1932 இல் கொழும்பு வடக்கில் வென்று அக்காலச் சட்டசபையான அரசாங்க சபைக்குப் போன நேசம் சரவணமுத்து, 1914 இல் நாவல் எழுதிய மங்களநாயகம் தம்பையா, இருவரையும் நாங்கள் அறிவது கணவன் பெயரோடுதான்.

அடுத்தது தட்டச்சு. மௌனகுரு என்பதில் முதல் எழுத்தைச் சிலர் ஔகாரக் குறியோடும், சிலர் ஒற்றைக் கொம்பு, ம, தனி ள என்றும் அடிப்பார்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டு மாதிரியும் அடித்துப் பாருங்கள். பெண்ணியம் என்று தேடுகிறவர் பெண்நிலைவாதம் என்றும் தேட வேண்டும், எண்பதுகளின் எழுத்தில் அதுதான் அதிகம். எழுத்துணரியாக்கம் என்று, ஸ்கான் செய்த பக்கத்தை இயந்திரம் வாசித்து எழுத்தாக்கிக் கொடுத்திருக்கிற பகுதியைத் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் இருந்து மேற்கோள் எடுக்காதீர்கள். பழைய அச்சில் வருகிற தும்பிக்கை வைத்த லை, ணை, சுழித்த றா எல்லாம் இயந்திரத்துக்கு விளங்குவதில்லை. மேற்கோள் எடுக்கப் பிடிஎஃப்தான்.

சஞ்சிகைத் தொகுதிகளில் இடைவெளி இருக்கும். இதைத் தளத்தின் குற்றமாக நான் பார்க்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போயின, மிச்சத்தை இடப்பெயர்வுகள் தின்றன. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது கிடைத்தால்தான் அடுத்த இதழ் ஏறும். உங்கள் வீட்டில் பழைய மாதர் சங்கக் கணக்குக் கொப்பி, பாடசாலை மலர், அம்மம்மாவின் கல்வெட்டு இருந்தால் நூலக நிறுவனத்தோடு தொடர்புகொண்டு ஸ்கான் செய்யக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் யோசித்துச் செய்யுங்கள்: கல்வெட்டில் உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் பெயர், ஊர், வெளிநாட்டு விபரம் எல்லாம் இருக்கும். குடும்பத்தில் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைப் புள்ளியைக் குறைப்பது, பெண்கள் என்ற பக்கத்தில் இருந்து நினைவு மலர்களுக்குப் போக எனக்கு நேர்வழி ஒன்றும் அகப்படாததால். பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஏ.எல். வரலாற்றுக்கு ஒப்படை செய்கிறவர்கள், ஊர் வரலாறு எழுத ஆசைப்படுகிற ஓய்வுபெற்ற அதிபர்மார் எல்லோருக்கும் பொருந்தும்.

கடைசியாகப் பணச் செலவு. தரவிறக்க முன்னர் பக்கத்தில் போட்டிருக்கிற கோப்பின் அளவைப் பாருங்கள், சில மலர்கள் படங்களோடு பெரியவை. போனில் டேட்டா குறைவென்றால் வைஃபை உள்ள இடத்தில் வைத்து எடுங்கள். அச்செடுக்க ரவுனில் கொடுத்தால் பழுப்புத் தாளோடு கலரில் அடித்துத் தந்து கலர் காசும் கேட்பார்கள், எனக்கு நடந்தது. கறுப்பு வெள்ளை, இரண்டு பக்கமும் என்று முதலே சொல்லிவிடுங்கள். தேவாரப் பக்கங்களை விட்டுவிட்டு வாழ்க்கை வரலாறு, வம்ச வழி, நன்றி நவிலல் மூன்றையும் மட்டும் பக்க எண் எழுதிக் கொடுத்தால் போதும்.