சேஃப்டி கல்லூரி தேர: காமன் டேட்டா செட் எவ்வளவு உதவும்?

புதுவை, கடலூர்ப் பக்கம் அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு ஆசைப்படும் பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதன் கடைசியில் 'சேஃப்டி', அதாவது இடம் நிச்சயம் கிடைக்கும் என்று நம்பும் கல்லூரி என்று மூன்று நான்கு பெயர்கள். சேர்க்கை விகிதம் 60, 70 சதவீதம் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்காது. அந்தப் பெயர்களைச் சோதித்துப் பார்க்க, காசு கொடுத்துக் கேட்கும் ஆலோசனையைவிட காமன் டேட்டா செட் மேல். கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே வடிவில் நிரப்பி வெளியிடும் புள்ளிவிவரப் படிவம் இது. இலவசம். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும்.

முழுதும் படிக்க வேண்டாம். நேராக எச்6 பகுதிக்குப் போங்கள். எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை தந்தது, சராசரி எவ்வளவு டாலர் என்று அங்கே இருக்கும். மொத்த வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை பி2 அட்டவணையின் முதல் வரியில். பி2-இல் 200, எச்6-இல் 180 என்றால் அநேகமாக எல்லோருக்கும் பணம் கிடைக்கிறது. 200-க்கு 25 என்றால், உதவி தேவைப்படும் குடும்பத்துக்கு அது சேஃப்டியே இல்லை.

அடுத்து ஜி பகுதி: கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. கூட்டினால் 75,000 டாலர், சராசரி உதவி 40,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 35,000, டாலருக்கு 85 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம். விமான டிக்கெட்டும் மருத்துவக் காப்பீடும் தனி. இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடவும் கூடாது; முழு உதவி பெற்ற சிலரும் சிறு தொகை பெற்ற பலரும் அதில் கலந்திருப்பார்கள். கல்லூரித் தளத்தில் வெளிநாட்டு மாணவருக்கான மெரிட் ஸ்காலர்ஷிப் (திறமைக்குத் தரும் உதவித்தொகை) எவ்வளவு என்பதைத் தனியாகப் பாருங்கள். வூஸ்டர், நாக்ஸ், லாரன்ஸ் போன்ற கல்லூரிகள் அதைத் தருகின்றன. உதவி போக நாம் கட்டவேண்டியதைக் கணக்கிட்டுக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்காகச் செய்தவை. நமக்கு அவை காட்டும் தொகை பொருந்தாது.

சி1-இல் உள்ள சேர்க்கை விகிதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்தே இடம் தருகின்றன. அதனால் மொத்த விகிதம் 60 ஆனாலும், முழு உதவி கேட்பவருக்கு வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. ஆம்ஹெர்ஸ்ட், போடன் கல்லூரிகள் இரண்டும் பணத் தேவையைப் பார்க்காமல் தேர்ந்தெடுப்பவைதான். ஆனால் அவ்வளவு கடும் போட்டியில் அவை யாருக்கும் சேஃப்டி ஆகாது.

சி7-ஐ விட்டுவிடாதீர்கள். மாணவர் காட்டும் ஆர்வத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அங்கே குறித்திருப்பார்கள். 'முக்கியம்' என்றிருந்தால், ஆன்லைன் தகவல் கூட்டத்தில் கலந்துகொள்ளாமல், நேர்காணலும் கேட்காமல், கடைசி நாளில் விண்ணப்பித்தால் நல்ல மதிப்பெண் உள்ள பிள்ளையையும் காத்திருப்போர் பட்டியலில் தள்ளிவிடுவார்கள்.

குறைகளும் உண்டு. புள்ளிவிவரம் போன ஆண்டுடையது. சில கல்லூரிகள் எச்6-ஐ நிரப்புவதே இல்லை. அங்கே அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் நேரடியாகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பெயரை அடித்துவிடலாம்.

இந்தப் படிவம் சொல்லாத இன்னொன்று, ஊரில் ஒரு சேஃப்டி. அமெரிக்கக் கல்லூரிக்கு நாம் முடிவு சொல்லும் வழக்கமான கடைசி நாள் மே 1. காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புக்கான கியூட் (மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு) விண்ணப்பம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். அமெரிக்க முடிவுகள் வரட்டும் என்று இருக்காமல் அதையும் போட்டுவையுங்கள். புதுவைக்காரர்கள் கலைக் கல்லூரிகளுக்கு சென்டாக் (புதுவை அரசின் மாணவர் சேர்க்கைக் குழு) அறிவிப்பையும் கவனித்து வரவேண்டும்.