ஆர்டிஎஸ்-அனலிஸ்ட்: ஊசிவழி போதைப்பொருள் எடுப்போரை எண்ண ஓர் இலவச மென்பொருள்

ஊசிவழி போதைப்பொருள் எடுப்போருக்கு எச்ஐவி பரவாமல் தடுக்க, ஒரு நகரத்துக்கு ஆண்டுக்கு எத்தனை சிரிஞ்சு வாங்குவது? தலைக்கு 200-க்கு மேல் கிடைத்தால்தான் போதுமான அளவு என்கிறது உலக சுகாதார நிறுவனம்; 2030 இலக்கு 300. தலைகள் எத்தனை என்பதில்தான் சிக்கல். இந்திய எச்ஐவி திட்டம் முன்பு வைத்திருந்த கணக்கு 1.77 லட்சம்; 2019-ல் வெளியான தேசிய ஆய்வு ஏறத்தாழ 8.5 லட்சம் என்றது.

ஒருவர் கூப்பன் கொடுத்து அடுத்தவரை அழைத்துவரும் ஆர்டிஎஸ் (RDS) கணக்கெடுப்புக்காகவே உருவான மென்பொருள் ஆர்டிஎஸ்-அனலிஸ்ட். அடியில் ஓடுவது ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழி. ஆனால் நிரல் எழுதத் தெரியவேண்டாம், மெனுவிலேயே வேலை முடியும். விலையும் இல்லை.

கொடுக்கவேண்டிய தரவு குறைவு: ஒவ்வொருவரின் அடையாள எண், கொண்டுவந்த கூப்பன், வாங்கிப்போன கூப்பன்கள் (வழக்கமாக 3), இந்த ஊரில் ஊசி போடுகிறவர்களில் அவருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்ற எண்ணிக்கை. இந்தக் கடைசி எண்ணிக்கையில்தான் பெரும்பாலும் சறுக்கும். ஒவ்வொருவரின் பதிலுக்கும் கணக்கில் தரும் எடை அந்த எண்ணின் தலைகீழ் என்பதால் 0 இருந்தால் கணக்கு நிற்கும். 10, 20, 50 என்று உருட்டிச் சொன்ன எண்கள் குவிந்தால் விடையும் ஆடும். கூப்பனில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரு கிளையே அறுந்துபோகும். அதனால் முதலில் அழைப்பு மரத்தை வரைந்து பாருங்கள். படங்கள்தான் இதன் பெரிய பலம். பெண்கள் ஒரே கிளையில் முடங்கிக் கிடந்தால் அது படத்தில் பளிச்சென்று தெரியும்.

மொத்த எண்ணிக்கையை நேரடியாகச் சொல்லும் வசதியும் உண்டு. பலரைத் தெரிந்தவர்கள் முதலில் வந்து, போகப்போகச் சிலரையே தெரிந்தவர்கள் வந்தால் கூட்டம் தீர்ந்துவருகிறது என்பது அதன் தர்க்கம். இதற்கு ஒரு முன்மதிப்பு, அதாவது மொத்தம் எவ்வளவு இருக்கும் என்ற நம் முன்ஊகம், தரவேண்டும். கூட்டத்தில் சிறு பங்கைத்தான் பேட்டி கண்டிருந்தால், தந்த மதிப்பையே அது திருப்பித் தரும். 1,500, 3,000, 6,000 என மூன்று முன்மதிப்புகளில் ஓட்டுங்கள். விடையும் கூடவே நகர்ந்தால் அந்த எண்ணைத் திட்ட அறிக்கையில் எழுதக்கூடாது.

அதைவிட நம்பத்தக்கது பெருக்கி முறை: கொடுத்த பொருள்களின் எண்ணிக்கையை, அதைப் பெற்றவர்களின் விகிதத்தால் வகுப்பது. அதற்கு வேண்டிய விகிதத்தை இந்த மென்பொருள் நன்றாகத் தருகிறது. கணக்கெடுப்புக்கு முன் 600 பேருக்கு ஆளுக்கொரு தனி அடையாளச் சாவிக்கொத்து. பேட்டியில் எடையிட்ட 24% பேர் அதைக் காட்டினால் 600 ÷ 0.24 = 2,500. 400 பேட்டி, வடிவமைப்பு விளைவு (கூப்பன் வழி ஆள் சேர்ப்பதால் சிதறல் எத்தனை மடங்காகிறது என்பது) 2 என்றால் பிழை வரம்பு சுமார் 2,000 முதல் 3,300 வரை. தலைக்கு 200 வீதம் 4 லட்சத்திலிருந்து 6.6 லட்சம் சிரிஞ்சு. கொள்முதல் கோப்பில் போகவேண்டியது இந்த வரம்பு, 2,500 என்ற ஒற்றை எண் மட்டும் அல்ல.

சாவிக்கொத்தை ஒரே சிகிச்சை மையத்தில் கொடுத்து, முதல் கூப்பன்களையும் அங்கேயே கொடுத்தால் விகிதம் வீங்கும், மொத்தம் சுருங்கும். மையத்துக்கு வராதவர்கள், குறிப்பாகப் பெண்கள், கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள். ஒருவருக்கு இரண்டு கொடுத்தால் மொத்தம் ஊதிவிடும். இதையெல்லாம் எந்த மென்பொருளும் திருத்தாது.

இரண்டு முறைகளின் வரம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லையா? சராசரி எடுக்காதீர்கள், விநியோகப் பதிவேட்டைத் திறந்து, எங்கே, எந்த நாளில், யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.