ரூஃப் கான்கிரீட்டுக்கு ரெடிமிக்ஸ் எடுத்தோம், கணக்கு சுத்தம்

எங்க வீட்டு ரூஃப் 1000 சதுர அடி, 5 இஞ்ச் கனம். ரெடிமிக்ஸ்னா பிளான்ட்லயே கலந்து வண்டியில வர்ற கான்கிரீட். பக்கத்துல இருக்குற ஒரு பிளான்ட்லதான் எம்20 (கான்கிரீட் பலத்த சொல்ற கிரேடு) சொன்னோம். அவங்க இன்ஜினியர் நேர்ல வந்து டேப் புடிச்சு அளந்தாரு பாருங்க, அதுதான் ரொம்ப புடிச்சது. ஸ்லாப் மட்டும் 417 கன அடி, பீம் 15 இஞ்ச் ஆழம்னாலும் மேல 5 இஞ்ச் ஸ்லாப்லயே வந்துடுது, அத ரெண்டு தடவ சேக்கக்கூடாதுன்னு கீழ தொங்குற 10 இஞ்ச மட்டும் எடுத்து, 9 இஞ்ச் அகலம், 150 அடி நீளம்னு 94 கன அடி போட்டாரு. மொத்தம் 511, சேதாரம் 3 சதவீதம் சேத்து 35.3 ஆல (ஒரு கன மீட்டருக்கு அத்தன கன அடி) வகுத்தா கிட்டத்தட்ட 15 கன மீட்டர்.

ரெண்டு வண்டி 6, 6 கன மீட்டரா வந்துச்சு. மூணாவது வண்டிய உடனே லோடு பண்ணல, மிச்ச இடத்த அளந்து சொன்னப்புறம்தான் 3 அனுப்பினாங்க, வீணானது ரொம்ப கம்மி.

ஒரே குறை, பம்ப் ஆளு கலவை இறுக்கமா இருக்குன்னு வண்டி டிரம்ல தண்ணி ஊத்தச் சொன்னாரு, நாங்க விடல. அது ஸ்ட்ரென்த்தையே கெடுத்துடும், நீங்களும் விடாதீங்க. பேட்ச் சிலிப்பையும் (என்னென்ன எவ்வளவு கலந்தாங்கன்னு பிளான்ட்ல தர்ற சீட்டு) ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டு வாங்கிக்கோங்க.